பச்சை மையில் ஒரு "அச்சிடலாம்"

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு விழா அழைப்பிதழின் புரூஃப் அது, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க எடுத்த தாள். நான்காக மடித்து வைத்து, எடுத்துப் பார்த்து, திரும்பவும் மடித்து, மடிப்புகள் கிழியத் தொடங்கிவிட்டன. தாளின் வலது கீழ் மூலையில் பச்சை மையில் "அச்சிடலாம்" என்று எழுதி, பக்கத்தில் பெயரைச் சின்னதாகக் கையெழுத்திட்டிருப்பார் எங்கள் பதிப்பகத்தில் புரூஃப் பார்த்த அக்கா. அந்த விழாவில் வெளியானது அவர் எழுதிய நாவல். அழைப்பிதழில் மேடையில் அமரப் போகிறவர்கள் என்று ஏழு பேருடைய பெயர்கள் உண்டு. நாவலின் பெயரும் உண்டு. அதை எழுதியவருடைய பெயர் மட்டும் எங்கேயும் கிடையாது. அந்த அழைப்பிதழைத் தட்டச்சு செய்து வடிவமைத்தவள் நான்தான். ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் யார்மேல் கோபப்பட வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. முதல் ஆளாக நானே நிற்கிறேன்.

எங்கள் பதிப்பகம் மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது, இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. கீழே அச்சு இயந்திரம், மாடியில் இரண்டு கணினிகள், ஜன்னலோரத்தில் அக்காவின் மேசை. புத்தகம் போக, கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், காது குத்தல் கார்டு என்று எதுவும் அடிப்போம். எதுவானாலும் அக்கா பச்சை மையில் "அச்சிடலாம்" என்று எழுதாமல் இயந்திரத்துக்குப் போகாது. பதிப்பாளரின் சொந்த விசிட்டிங் கார்டுக்கும் அதே சட்டம்தான். ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் விட்டுப் போயிருப்பதை, அந்தக் குடும்பத்தை முன்பின் தெரியாத அக்கா, பெயர்களின் வரிசையை வைத்தே கண்டுபிடித்தார். பெண் வீட்டில் மூன்று மாமன்கள், இவர்கள் பக்கம் ஒருவர்கூட இல்லையே, கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டால், கையெழுத்துப் பிரதியில் அந்த வரியே விடுபட்டிருந்தது. அந்த மாமன் வந்து அக்காவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். கூப்பிட வேண்டியவர்களில் யார் விட்டுப் போனார்கள் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அப்பா நூல் மில் தொழிலாளி. அம்மா ஒரு சொல்தா வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அக்காவின் கணவர் கல்யாணமான ஆறாம் வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளைத் தனியாக வளர்த்துப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் அக்கா மணவறைப் பக்கம் வராமல் தூணோரம் நின்றிருந்தார். எனக்கு அது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. எங்கும் நடப்பதுதானே என்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாவலின் கதைக்கு விதை விழுந்தது அந்தச் சொல்தா வீட்டில்தான். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போகும்போது, சாப்பாட்டு மேசையின் கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் துடைப்பது அக்காவின் வேலை. அந்த வீட்டு எஜமானியம்மாவான மதாம் தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் படக்கதை ஒன்றைப் படித்துத் தமிழில் சொல்வாராம். நூறு வருடம் தூங்குகிற இளவரசியின் கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராஜாவுக்குப் பெண் பிறக்கிறது. பெயர் சூட்டும் விருந்துக்கு ஏழு தேவதைகளை அழைக்கிறார்கள். எட்டாவதாக ஒரு கிழவி, அவளும் தேவதைதான். ஐம்பது வருடமாக வீட்டை விட்டு வெளியே வராததால் செத்துப் போயிருப்பாள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அவள் தானாக வந்து நிற்கும்போது அவளுக்கு வைக்கத் தங்கக் கரண்டி இல்லை. ஏழு பேருக்குத்தான் செய்திருந்தார்களாம். அந்தக் கோபத்தில், ராட்டின ஊசி குத்தி இளவரசி சாவாள் என்று அவள் சாபம் கொடுக்கிறாள், அது பிறகு நூறு வருடத் தூக்கமாகக் குறைகிறது.

மற்றப் பிள்ளைகள் அந்த இடத்தில் பயந்தார்கள். அக்கா மட்டும் கையில் துடைக்கிற துணியோடு எழுந்து நின்று மதாமையே கேட்டாராம். அதை எங்களிடம் சொல்லும்போதெல்லாம் அதே எட்டு வயதுக் குரலில்தான் சொல்வார்: "கரண்டி இல்லன்னா கையால சாப்டுட்டுப் போறா. கூப்புடறதுக்கு என்னா?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையைப் பிரித்துப் போட்டு அலசுவது எங்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அக்காவிடம் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மகளை ஊசி குத்திவிடும் என்று ராஜா ஊரிலுள்ள ராட்டினத்தையெல்லாம் கொளுத்தினானே, நூல் நூற்றுப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஏன் ஒருவரும் எழுதவில்லை? இதைக் கேட்கும்போது அவர் குரல் மாறும். மில்லை மூடிய பிறகு அவருடைய அப்பா வெகுநாள்வரை சங்கு ஊதுகிற நேரத்துக்கு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பாராம். இன்னொரு கேள்வி அந்த ஏழு பேர் கொடுத்த வரங்களைப் பற்றியது. அழகு, நளினம், ஆட்டம், பாட்டு. "பொண்ணுன்னா இது போதுமா? அவளுக்குக் கோவப்படத் தெரியணும்னு ஒருத்திக்காவது தோணுச்சா?" என்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் நாவல் பிறந்தது.

"எட்டாவது வரம்" என்று பெயர் வைத்தார். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாயக்கதை. அதில் எட்டாவது தேவதை விருந்துக்கு வருவதே இல்லை. அழைக்காத வீட்டுக்கு அவள் ஏன் வர வேண்டும்? சாபமும் கொடுப்பதில்லை. ஆனால் அவளை விட்டுவிட்ட நாளிலிருந்து ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கத் தொடங்குகிறது. முதலில் கடலோரக் காவல்காரன், பிறகு சந்தை, பிறகு அரண்மனை. ஏழு வரமும் பெற்ற இளவரசி மட்டும் விழித்திருக்கிறாள். அவளால் பாட முடியும், கத்த முடியாது. இனிமையான குரல் வரமாகக் கிடைத்துவிட்டதே. பதினைந்து வயதில் அவள் வெற்றிலை பாக்குத் தட்டோடு தனியாகக் கிளம்புகிறாள், எட்டாவது ஆளைத் தேடி. கழிமுகத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் அவளைக் கண்டுபிடிக்கிறாள். அந்தக் காட்டை நோணாங்குப்பம் படகுத்துறையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதினார் அக்கா. வேர்கள் கை நீட்டி வழி விடுகிற அந்த இடத்தைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கிழவி கடைசியில் இளவரசிக்குக் கொடுக்கிற வரம் கோபம். இளவரசி ஊருக்குத் திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்துகிறாள். ஊர் விழித்துக்கொள்கிறது. இளவரசன் என்று ஒருவன் கதையிலேயே கிடையாது.

பதிப்பாளருக்குக் கதை பிடித்துப் போனது. ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னார். கோபமெல்லாம் ஒரு வரமா, தன்னம்பிக்கை என்று போட்டுவிடலாமே, பள்ளிக்கூடங்களில் வாங்குவார்கள் என்றார். அக்கா தலையை நிமிர்த்தாமல், அது தன்னம்பிக்கை இல்லை சார், கோபம்தான் என்றார். மூன்று நாள் இழுபறி. அக்கா அசையவில்லை. அந்தச் சண்டையில் அவர் ஜெயித்ததை மாடியில் நாங்கள் பஜ்ஜி வாங்கிக் கொண்டாடினோம். பக்கத்தைக் காப்பாற்றியாயிற்று என்று நினைத்தோம். மேடையைப் பற்றி யோசிக்கவில்லை.

வெளியீட்டு விழாவைப் பதிப்பகத்தின் புதிய விற்பனைக் கூடம் திறக்கும் நாளிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பதிப்பாளர் ஒரு துண்டுத் தாளில் ஏழு பெயர்களை எழுதிக் கொடுத்தார். தலைமை ஒருவர், முன்னிலை ஒருவர், குத்துவிளக்கு ஏற்றப் பதிப்பாளரின் மனைவி, வெளியிட ஒருவர், பெற்றுக்கொள்ள ஒருவர், வாழ்த்த ஒருவர், நன்றி சொல்ல ஒருவர். அக்கா பெயர் இல்லையே சார் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதும்மா. புதுக் கடை தெறக்கறோம், வீட்ல இருக்கறவங்க மனசு சங்கடப்படக் கூடாது பாரு. வெளக்கு ஏத்தி முடியற வரைக்கும் அவங்க கொஞ்சம் பின்னால இருக்கட்டும். நீ பக்குவமா சொல்லிடு." பெண் விடுதலை பற்றி அவரே முன்னுரை எழுதிய புத்தகங்கள் நாலைந்து அவர் அறை அலமாரியில் இருந்தன. அவர் பேசும்போது நான் அவற்றின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாவலின் பெயருக்குக் கீழாவது அக்காவின் பெயரைப் போடலாமா என்றேன். இடம் போதாது, புத்தக அட்டையில்தான் இருக்கிறதே என்றார். இடம் இருந்தது. எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்திருந்தால் தாராளமாக இருந்திருக்கும். அதுதான் என் தொழில், எனக்குத் தெரியாதா? ஆனாலும் குறைக்கவில்லை.

பக்குவமாகச் சொல்லச் சொன்னார் அல்லவா, நான் சொல்லவே இல்லை. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் அழைப்பிதழை அச்செடுத்து, மற்றப் புரூஃப்களோடு சேர்த்து, அக்கா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் மேசையில் வைத்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வேலையில் எல்லாம் அப்படித்தான் நடக்கும். எதுவானாலும் தாளில் வைத்துவிட்டால் அக்கா பார்த்துக்கொள்வார். கோழைத்தனத்துக்கும் அந்த வழக்கம் வசதியாக இருந்தது.

அவர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மற்ற எந்தத் தாளையும் படிப்பதுபோல, வரிக்கு வரி பேனா முனையை ஓட்டிப் படித்தார். தலைமை வகிப்பவரின் பட்டத்தில் ஒரு பிழையைத் திருத்தினார். பிறகு பேனா முனை பெயர் பெயராக மேலிருந்து கீழே போவதைப் பார்த்தேன். "ஏழு பேர்தானே? சரிதான்" என்றார், யாரையும் பார்க்காமல். பச்சை மையில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். யாரோ ஒருவருடைய மாமன் விட்டுப் போனதைக் கண்டுபிடித்தவருக்குத் தான் விட்டுப் போனது தெரியாமலா இருக்கும்? நான் வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்திலாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கீழே இயந்திரம் காத்திருக்கிறது என்று எழுந்து போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை விழா. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பட்டுப்புடவையும் பூவுமாக நின்றிருந்த என்னைப் பதிப்பாளரின் மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போய், ஐந்தாவது முகத்தை நீ ஏற்றம்மா என்று மெழுகுவத்தியைக் கொடுத்தார். ஏற்றினேன். புகைப்படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அக்கா வரவில்லை என்பதை விளக்கு ஏற்றி முடிந்த பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள். நாவலை வெளியிட வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை, எழுதினவங்க எங்கே, அவங்க கையில் கொடுக்காமல் யார் கையில் கொடுப்பது என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். பதிப்பாளர் வியர்த்துப் போனார். ஓடிப்போய்க் கையோடு கூட்டிவா என்று ஸ்கூட்டி சாவியை என்னிடம் கொடுத்தார். ஏழு பேரும் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பம் போய்ச் சேர்ந்தபோது அக்கா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல புடவை ஒன்று தேய்த்து மடித்தபடி கட்டில்மேல் இருந்தது. எல்லாரும் கேக்கறாங்க, வாங்கக்கா என்றேன். கையில் செதிலோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் குங்குமம், தலையில் பூ, கையில் ஸ்கூட்டி சாவி. முழுக்கப் பார்த்தார்.

"நீ கூப்புட வரல. கூட்டிட்டுப் போவ வந்துருக்க" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. மீனை அலசிக்கொண்டே பேசினார். "எங்க குடும்பத்துல அப்பிடித்தான். எம் பொண்ணு கல்யாணத்துலயே தள்ளித்தான நின்னேன். புக்குல அப்பிடி இருக்காதுன்னு நெனச்சுட்டேன்." அடுத்த மீனைக் கையில் எடுத்துக்கொண்டு, "அவரு எம் பேர வுட்டது எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. நீ வாயால ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். புரூஃப்ல வெச்சு அனுப்புன பாரு, அதான் ஆறல" என்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, குழம்பு கொதித்துவிட்டது, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று தட்டை எடுத்தார். அங்கே காத்திருக்கிறார்கள், நேரமாகிறது என்று நான் கிளம்பிவிட்டேன். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போட அவரிடம் தட்டு இருந்தது. சாப்பிட எனக்குத்தான் நேரமில்லை. இதை எந்த ஜென்மத்தில் கழுவுவேன் என்று தெரியவில்லை.

நான் தனியாகத் திரும்பியதைப் பார்த்ததும் பதிப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நம் ஆசிரியருக்கு மேடைக் கூச்சம் அதிகம், பாராட்டு என்றாலே ஓடி ஒளிந்துகொள்வார் என்றார். கூட்டம் ரசித்துக் கைதட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் அந்தப் பொய் உண்மையாகிவிட்டது. இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் "மேடைகளைத் தவிர்ப்பவர்" என்று ஏறியது. அப்புறம் வந்த பேட்டிகளிலெல்லாம் பதிப்பாளர் அதையே சொன்னார். எவ்வளவு எளிமையான மனுஷி என்று படித்தவர்கள் உருகினார்கள். அந்தப் பின்னட்டைக்கும் அக்காதான் "அச்சிடலாம்" எழுதினார். விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தார். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம் முன்போலவே பழகினார். ஆனால் அந்த இளவரசி கதையை மட்டும் அதற்குப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. அடுத்த நாவல் என்று ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தார். அதையும் தொடரவில்லை. ஒரு எழுத்தாளரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து, மாலை மரியாதையோடு, வாயடைத்து அனுப்பினோம். கண் மங்கியபோது வேலையை விட்டார். போகும்போது பச்சைப் பேனாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். புரூஃப் வேலை இப்போது என்னுடையது.

போன மாதம் அக்கா இறந்துவிட்டார். "எட்டாவது வரம்" பல பள்ளிகளில் பிள்ளைகள் கையில் இருக்கிறது. ஆகவே பதிப்பகம் ஒரு நினைவேந்தல் கூட்டம் நடத்துகிறது. அழைப்பிதழின் புரூஃப் நேற்றுக் காலை என் மேசைக்கு வந்தது. முதல் நிகழ்ச்சி படத்திறப்பு. அக்காவின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். உயிரோடு இருந்தவரை விளக்குப் பக்கம் வரக் கூடாது என்றவர்கள், செத்த பிறகு விளக்குக்கு நேர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். படம் யாருக்கும் சகுனத் தடை ஆகாது போலிருக்கிறது. அக்காவின் பெயர் இந்த முறை இருக்கிறது, கொட்டை எழுத்தில். இடமெல்லாம் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. பெயருக்குக் கீழே ஒரு வரி: "வாழ்நாள் முழுதும் மேடையைத் தவிர்த்த தன்னடக்கச் செம்மல்."

பச்சைப் பேனாவைத் திறந்தேன். அந்த வரியை அடித்து, ஓரத்தில் காரணத்தை எழுதி, தாளைக் கீழே அனுப்பிவிட்டு என் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். வேலை முறைப்படி அதுதான் சரி. பேனாவை மூடினேன். இழுப்பறையிலிருந்து பழைய தாளை எடுத்துக்கொண்டு பதிப்பாளரின் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே பேசினேன்.

"சார், அக்கா மேடையத் தவிர்க்கல. நாமதான் ஏத்தல. அந்தக் கார்டு போட்டது நானு. இந்த வரி அச்சுக்குப் போவாது."

என் குரல் மாடி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், கணினி முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் அப்படிப் பேசியதே இல்லை. பதிப்பாளருக்கு வயதாகிவிட்டது. கோபப்படவில்லை, உண்மையிலேயே விளங்காமல் பார்த்தார். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை போடுகிறோம், இதில் என்னம்மா தப்பு என்றார். மேடையில் நாம் அவரை ஏற்றாமலா இருந்தோம் என்றும் கேட்டார். மறந்தே போய்விட்டது அவருக்கு. பழைய தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"இதுல அவங்க பேரு எங்கம்மா?" என்று கேட்டார்.

வலது கீழ் மூலையில் இருந்த பச்சைக் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.